கழுகு பிரேக்கை விட்ட நாள்

கோபுர கிரேன் ஓட்டுகிறவரைக் கீழே வேலை செய்பவர்கள் யாரும் சரியாகப் பார்த்ததில்லை. காலையில் ஆறரைக்கு ஏணியில் ஏறுவார், பொழுது சாய இறங்குவார். நடுவில் அவர் உயரத்தில் தொங்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி, அவ்வளவுதான். எனக்கு மட்டும் அவர் ஒரு குரல். நான் தரையில் நின்று சரக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு, "தூக்கு", "நிறுத்து", "இறக்கு" என்று வாக்கிடாக்கியில் சொல்கிற சிக்னல்காரன். நான்கு வருஷமாக ஒரே கிரேன், ஒரே ஆள். நான்கு வருஷமும் அவர் குரல் என் காதுக்குள்ளேயே குடியிருந்தது.

அவருக்குக் கழுகு என்று பெயர் வைத்தது நான்தான். உயரத்துக்காக இல்லை, கண்ணுக்காக. எவன் சிமெண்டு மூட்டைக்குப் பின்னால் பீடி பிடிக்கிறான், எவன் ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு தடவை நிற்கிறான், எல்லாம் தெரியும். தெரிந்தால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் தெரியாது.

"மாப்ள, அந்தப் பச்சச் சட்டைய பாரு. வீட்ல சோறு போடலயா அவனுக்கு?"

"நமக்கென்ன மச்சான். கம்பிக் கட்டு ரெடி, தூக்கு."

"தூக்குறேன், தூக்குறேன். இஞ்சினியரு இப்பதான் வர்றாரு பாத்தியா? மணி எட்டே கால். வரும்போதே போனு. பொண்டாட்டிகிட்ட பேசற மூஞ்சியா அது?"

"அங்கேருந்து மூஞ்சி தெரியுதா உனக்கு?"

"நடை தெரியுதுல்ல."

சிரிப்பு வரும்தான். ஆனால் நாள் முழுக்க ஒருத்தர் ஊரையே திட்டுவதைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பது லேசுப்பட்ட வேலை இல்லை. சாயங்காலம் வாக்கிடாக்கியின் இயர்போனைக் காதிலிருந்து கழற்றினால், எதிரே வருகிறவனை நானே ஒரு மாதிரிதான் பார்ப்பேன்.

ஒரு தடவை அந்தக் கேபினுக்கு ஏறியிருக்கிறேன். இருநூற்றுப் பன்னிரண்டு படி. உள்ளே இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் கைப்பிடி, காலடியில் கண்ணாடி. எழுந்து நின்றால் தலை இடிக்கும். சாப்பாட்டுக்கு இறங்கினால் ஏறி வருவதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும், அதனால் டப்பா மேலேயே ஆணியில் தொங்கும். பக்கத்தில் இரண்டு பாட்டில். ஒன்றில் குடிக்கிற தண்ணீர். இன்னொன்றில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

"அது எதுக்குன்னு கேக்காத. மாத்திக் குடிச்சிரக் கூடாதுன்னுதான் துணி."

பத்து நிமிஷத்தில் எனக்கு மூச்சு முட்டியது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"எந்திரிக்க முடியாது, படுக்க முடியாது, பேச ஆளு கிடையாது. கண்ணு ஒண்ணுதான் வெளிய போயிட்டு வருது. ஒருத்தன இங்க பத்து மணி நேரம் பூட்டி வச்சா அவன் வேற என்னடா செய்வான்? பாப்பான். பாத்தா பேசுவான்."

அவர் வீட்டம்மா ஒரு நாள் மாத்திரை கொடுக்க வாசல் வரை வந்தார். ஏணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வீட்டுக்கு வந்தாலும் இறங்க மாட்டேங்கறாரு தம்பி. நாற்காலியில உக்காந்துகிட்டு நான் பாத்திரம் கழுவறதுல குத்தம், பையன் செருப்ப விடறதுல குத்தம். இவரு வர்ற நேரம் பாத்து அவன் வெளிய கிளம்பிடறான்."

நான் சிரித்தேன். அந்தம்மா சிரிக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தச்சர் வந்து சேர்ந்தார். கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் தச்சர். கட்டையான ஆள், கடுகடுத்த முகம், யாரோடும் பேச்சு கிடையாது. மனைவி, மகளோடு தொழிலாளர் ஷெட்டில் ஏழாம் நம்பர் அறை. வேலை இருக்கிற வரைக்கும் அறை. மகளுக்குப் பரீட்சைக்கு இருபது நாள்தான் இருந்தது.

அவரிடம் ஒரு வழக்கம். பத்து மணி ஆனால் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, பலகை அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். சம்மணம் போட்டு, கண்ணை மூடி, பத்து நிமிஷம். தரையில் இருக்கிற எங்களுக்கு அது தெரியாது. மேலே இருக்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா?

"மாப்ள, உக்காந்துகிட்டே தூங்குறான்டா! படுத்தாக்கூட மன்னிச்சிருவேன். என்னா ஏமாத்து!"

அடுத்த நாளும் பார்த்தார். அதற்கடுத்த நாளும். நாலாவது நாளிலிருந்து சூப்பர்வைசருக்கும் சொல்ல ஆரம்பித்தார். "பத்து அஞ்சு, சார். இன்னிக்கும் தூக்கம்." அதே வாக்கிடாக்கி என் காதிலும் பேசும். அப்படிப் பதினோரு நாள் கேட்டேன். "விடு மச்சான், பொழச்சுப் போகட்டும்" என்று ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். கழுகு என்னைப் பற்றி எதுவும் சொல்லாத வரைக்கும் சரி என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அப்படிச் சொல்ல ஆரம்பித்த பன்னிரண்டாம் நாள் மதியம் சூப்பர்வைசர் தச்சரைக் கூப்பிட்டார். தினமும் பத்து மணிக்கு நீ தூங்குவதைக் கிரேன்காரர் பார்த்திருக்கிறார், நாளையிலிருந்து வர வேண்டாம், அறையையும் காலி பண்ணிவிடு என்றார். தச்சர் தலையைத் தூக்கிக் கேபினை மட்டும் ஒரு தடவை பார்த்தார். பாதியில் விட்ட பலகையை அடித்து முடிக்கத் திரும்பிப் போனார்.

மூன்று மணிக்கு வானம் மஞ்சளாகிப் புழுதி கிளம்பியது. காற்று என்றால் சாதாரணக் காற்று இல்லை, தகரக் கூரை இரண்டு பறந்தது. அப்போது கொக்கியில் ஒரு பலகைக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கி முடிப்பதற்குள் நேரம் தப்பிவிட்டது.

"மச்சான், இறங்கிடு!"

"ஏணியில கால வச்சேன்டா. தூக்கி அடிக்குது. உள்ளயே வந்துட்டேன்."

கிரேன்காரர்களுக்கு ஒரு விதி உண்டு. பலமான காற்றில் சுழற்சி பிரேக்கை விட்டுவிட வேண்டும். அந்த நீளக் கை காற்று தள்ளுகிற பக்கம் தானாகத் திரும்பிக்கொள்ளும், கிரேன் பிழைக்கும். பிடித்து நிறுத்தினால் காற்று பக்கவாட்டில் முழுசாக அறையும், கோபுரமே சாய்ந்துவிடும். கழுகுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். தினமும் சாயங்காலம் பிரேக்கை விட்டுவிட்டுத்தான் இறங்குவார். ஆனால் விட்டபிறகு உள்ளே உட்கார்ந்து பழக்கமில்லை.

"பிரேக்க விட்டியா?"

மேலே அந்த நீளக் கை திரும்பாமல் அப்படியே நின்றது.

"மச்சான், பிரேக்க விடு! கோபுரம் ஆடுது, நாங்க பாக்குறோம்!"

"விட்டா சுத்தும்டா. என்னையும் சேத்து சுத்தும். பிடிச்சாதான் நிக்கிற மாதிரி இருக்கு." குரல் அவர் குரலாகவே இல்லை. "கைய எடுக்க முடியல மாப்ள. கை வரமாட்டேங்குது."

எல்லாருக்கும் கேட்கட்டும் என்று இயர்போன் ஒயரைப் பிடுங்கிவிட்டு மூன்று தடவை கத்தினேன். சூப்பர்வைசர் கெட்ட வார்த்தையில் கத்தினார். மேலே மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. எல்லாரும் ஷெட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஓடிவந்த தச்சர் என் பக்கத்தில் நின்றார். காதைக் கிட்டே கொண்டுவந்து கேட்டார். என் கையிலிருந்த வாக்கிடாக்கியைப் பிடுங்கினார்.

"யோவ்."

"யாரு?"

"பத்து மணிக்கு தூங்குறவன்."

காற்று இரைச்சல்தான் கேட்டது. பிறகு, "நீயா?"

"நான்தான். என் வேலைய எடுத்தீல்ல, இப்ப என் பேச்ச கேளு. கண்ண மூடு."

"மூடினா விழுந்துருவேன்யா!"

"உக்காந்திருக்கவன் எங்க விழுவ? மூடு. பிரேக்க மறந்துடு, நான் அதக் கேக்கல. மூச்ச மட்டும் பாரு. நான் ஒண்ணு விடுறேன், கேளு. அப்புறம் நீ பட்டன அமுக்கி ஒண்ணு விடு, நான் கேக்குறேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அமுக்கினா இது வேலை செய்யாது. மாத்தி மாத்தி."

தச்சர் பட்டனை அமுக்கி, வாயைக் கிட்டே வைத்து, நீளமாக ஒரு மூச்சு விட்டார். "ஒண்ணு." பட்டனை விட்டார். காத்திருந்தோம். மேலிருந்து நாய் இரைப்பது மாதிரி ஒன்று வந்தது. "ரெண்டு" என்றார் தச்சர், தன் மூச்சை அனுப்பினார். மறுபடி காத்திருந்தோம். இவர் விடும்போது அவர் கேட்க வேண்டும், அவர் விடும்போது இவர் கேட்க வேண்டும். வேறு வழியில்லை, வாக்கிடாக்கியை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஏழாவதில் மேலே இருந்த மூச்சு கொஞ்சம் நீண்டது. பத்து முடிந்ததும் மறுபடி ஒன்று. சூப்பர்வைசர்கூடத் திட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் என்னையறியாமல் கூடவே மூச்சு விட்டிருக்கிறேன்.

இரண்டாவது சுற்றில் ஆறு எண்ணும்போது மேலே அந்த நீளக் கை மெதுவாக நகர்ந்தது. வீம்பு பிடித்த மாடு கடைசியில் தலையைத் திருப்புவதுபோலக் காற்றோடு திரும்பியது. கோபுரத்தின் ஆட்டம் குறைந்தது.

"விட்டுட்டேன்" என்றது குரல்.

"எண்ணும்போது பேசாத. ஏழு."

ஒன்றரை மணி நேரம் காற்று அவரைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பியது. தச்சர் நகரவில்லை. இடையில் நான் கேட்டேன், இதெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று.

"படிப்பா? போன வேலையில ஒருத்தன் மேல சுத்தியல ஓங்கிட்டேன். என் பொண்ணு பாத்துட்டா. மூணு நாள் என் பக்கத்துல வரல. அப்புறம் ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொல்லிக்குடுத்தாங்க. பத்து மணிக்கு உக்காரலன்னா பதினோரு மணிக்கு எவனையாவது அடிச்சிருவேன். அவ்வளவுதான் என் தியானம்."

ஐந்து மணிக்குக் கழுகு இறங்கினார். யாரும் கிட்டே போகவில்லை. அவரும் யார் முகத்தையும் பார்க்காமல், நேராகச் சூப்பர்வைசர் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"தச்சர அனுப்பாதீங்க சார்."

"யோவ், பதினோரு நாள் நீதானே சொன்ன? டைம் போட்டு சொன்ன. அப்ப அது பொய்யா?"

"நான் பாத்தது நெசம் சார். நெனச்சதுதான் தப்பு."

"உன் நெனப்புக்கெல்லாம் நான் பதில் சொல்ல முடியாது. ஆபீசுக்கு எழுதிப் போட்டாச்சு, தூங்குறான்னு."

"அப்ப நான் தப்பா சொன்னேன்னு எழுதுங்க. என் பேரப் போட்டு எழுதுங்க."

சூப்பர்வைசர் கழுகை முறைத்தார். அப்படி எழுதினால் இவர் பெயரும் கெடும், கிரேனுக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்வார்கள் என்றார். இவர் நகரவில்லை. கடைசியில் அந்த மனுஷன் இரண்டு பேருக்கும் இல்லாமல் ஒரு முடிவு எடுத்தார். தச்சர் இருக்கட்டும், ஆனால் மேல் வேலை கிடையாது, அடித்தளத்துக்குப் போகட்டும். தரைக்குக் கீழே இரண்டு மாடி. வெளிச்சம் இல்லை, காற்று இல்லை, முழங்கால் வரை தண்ணீர். கழுகைப் பற்றியும் எழுதிப் போட்டார். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

வெளியே வந்ததும் கழுகு என்னிடம் சொன்னார்.

"சுத்தும்போது கண்ணத் திறந்து பாத்தேன் மாப்ள. அத்தன பேரும் ஷெட்டு வாசல்ல நின்னு என்னையே பாத்துட்டு நின்னாங்க. அதுல நான் திட்டாத ஆளு ஒருத்தன்கூட இல்லடா."

"என்னையும் திட்டியிருக்கியா?" என்று கேட்டேன்.

"உன்னத்தான் நிறைய. வீட்ல போய்த் திட்டுவேன்."

மறுநாள் காலை ஏணியடியில் இரண்டு பேரும் எதிர்ப்பட்டார்கள். தச்சர் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அடித்தளத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"என்னாலதான் அங்க போற" என்றார் கழுகு.

"தெரியும்."

"நான் வேற என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாத. ஏறு. கீழ வெயிலாவது இல்ல, நீதான் மேல வேகப்போற."

ஒருவர் இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏறினார், ஒருவர் இருட்டுக்குள் இறங்கினார். இரண்டு பேருமே சாயங்காலம் வரை வெளியே வர முடியாத இடம். நான் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டேன்.

எட்டே கால் இருக்கும். இஞ்சினியர் கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார், கையில் போன்.

"மாப்ள, அந்த..." என்று ஆரம்பித்தது குரல். பட்டனை விடவில்லை. கேபினில் சுழலும் சின்ன விசிறியின் சத்தம் கேட்டது. பிறகு மூச்சு. ஒன்று, இரண்டு, மூன்று வரை நான் எண்ணினேன்.

"என்ன மச்சான்?"

"ஒண்ணுமில்ல. அடுத்தத மாட்டு."