மஞ்சள் மீனுக்குக் கறுப்பு மணல்

தெருவில் அவரைத் தொட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பல் டாக்டரின் காத்திருப்பு அறையோ, வசதியான வீட்டுக் கூடமோ, கடல்மீன் தொட்டி எங்கே இருந்தாலும் அதைப் பொருத்துவதும் கழுவுவதும் அவர் பிழைப்பு. மகா வாயாடி. உப்புத் தண்ணீர் கலக்க வந்தாரென்றால் வீட்டுக்காரருக்குக் காது புளித்த பிறகுதான் கிளம்புவார். ஆனால் அவர் வீட்டில் மட்டும் தொட்டி கிடையாது.

"நாள் பூரா மீன் மூஞ்சியப் பாத்துட்டு வர்றேன். வீட்லயாவது உன் மூஞ்சியப் பாக்க விடு" என்பார் மனைவியிடம்.

"ரெண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? நான் திட்டுவேன், அது திட்டாது" என்பாள் அவள்.

அவள் சன்னலோரம் தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊசி கோக்க முடியாமல் போனபோது முதலில் ஊசியைத் திட்டினாள், பிறகு நூலை, பிறகு மேலே எரியும் பல்பை. ஒருநாள் ஒரு சட்டைக்குக் கையைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டாள். வாங்க வந்தவள் சிரித்தாள், இவளும் சிரித்தாள். அவள் போன பிறகு மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

கண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. உள்ளே நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது, நிறுத்த மருந்து இல்லை. எதையும் எதிர் நிறத்தின்மேல் வைத்துக் காட்டினால் கொஞ்ச காலத்துக்குத் தெரியும் என்றார். தொட்டிக்காரர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். வெள்ளைச் சுவரில் சுவிட்சைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டினார். வெள்ளைக் கோப்பைக்கு அடியில் கறுப்புத் தட்டு வைத்தார். மெஷினை மூடிவிட்டு அவள் சும்மா உட்கார்ந்திருப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கடைசியில் தன் வீட்டுக்கே ஒரு தொட்டி வைப்பதென்று முடிவு செய்தார்.

தொட்டிச் சாமான் விற்கும் கடைக்காரர் வழக்கம்போல வெள்ளை மணலை எடுத்துப் போட்டார். "கறுப்பு குடு" என்று இவர் கேட்டதும் கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கறுப்பு மணல்ல இரும்புத்தூள் இருக்கும், தொட்டி துடைக்கிற காந்தத்துல ஒட்டிக்கிட்டுக் கண்ணாடியக் கீறும்னு ஊர் பூரா சொன்னது யாருண்ணே?"

"நான்தான் சொன்னேன். இப்ப நானே கேக்குறேன், குடு."

இரண்டிலும் ஒரு பிடி வாங்கிவந்து, இரண்டு தட்டில் பரப்பி, தண்ணீர் ஊற்றி, அவளுடைய டப்பாவிலிருந்தே ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் பொத்தானைப் போட்டு முன்னால் வைத்தார். வெள்ளை மணல் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடித்தது. அவள் கண்ணைச் சுருக்கினாள். கறுப்பின் பக்கம் திரும்பியதும் விரல் நேராகப் பொத்தான்மேல் போய் நின்றது. அவர் சின்னப் பையன்போல் கை தட்டினார். அந்த வாரம் முழுக்கக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து, காந்தத்தை ஓட்டி இரும்பைப் பொறுக்கி, வாளி வாளியாய்க் கறுப்புத் தண்ணீர் கொட்டி மணலைக் கழுவினார். உள்ளங்கை உரிந்தது.

தண்ணீர் பக்குவப்பட்ட பிறகு ஒரே ஒரு மஞ்சள் மீனை விட்டார்.

"ஐயோ, எலுமிச்சம்பழத்துக்கு வால் முளைச்ச மாதிரி இருக்கே!" என்று கத்தினாள் அவள்.

அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தார்கள். மகளைக் கட்டிக்கொண்டு போன நிஜ மாப்பிள்ளைதான் எட்டியே பார்ப்பதில்லை, இவனாவது கூடவே இருக்கட்டும் என்று அவள்தான் வைத்தாள். சாயங்காலம் ஆனால் இருவரும் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். மாப்பிள்ளை எங்கே என்று அவர் கேட்பார், அவள் காட்டுவாள். என் வீட்டுக்காரி நாற்காலியில் இருந்தபடியே மீனைப் பார்க்கிறாள் என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

பிறகு அவள் பதில் சொல்லத் தாமதமாயிற்று. சில நாள் தப்பாகவும் காட்டினாள்.

"வெளிச்சம் போதல போலிருக்குங்க" என்றாள்.

தொட்டியின் கண்ணாடி மூடியில் உப்புப் பூத்து விளக்கை மறைக்கிறது என்று அவர் கண்டுபிடித்தார். துடைத்தால் மறுநாளே மறுபடியும் பூத்தது. மூடியையே எடுத்துவிட்டார். இந்த ஜாதி மீன் துள்ளி வெளியே விழும், அவருக்குத் தெரியாதா? மூடியைத் திறந்து போட்ட எத்தனை வீட்டுக்காரர்களை அவரே வறுத்து எடுத்திருக்கிறார்! தெரிந்துதான் எடுத்தார். அன்று முதல் அவள் பட்டுப் பட்டென்று சரியாகச் சொல்ல ஆரம்பித்தாள். "இப்ப பளிச்சுனு தெரியுதுங்க" என்றாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மத்தியானம், மறந்துவிட்டுப் போன குழாயை எடுக்க வீட்டுக்கு வந்தார். தொட்டிக்குப் பின்னால் தரையில் மாப்பிள்ளை கிடந்தான், விறைத்து, காய்ந்து. உள்ளறையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார். அந்த மீன் அடுத்த சரக்கில்தான் வரும் என்றார்கள். எப்படியும் சொல்லித்தானே ஆகவேண்டும்? சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு திரும்பினார்.

அவள் சுவரைத் தடவி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டாள்.

"மாப்பிள்ளைக்கு இன்னிக்கு என்ன குஷி பாருங்க! கல்லச் சுத்திச் சுத்தி வர்றான்."

தொட்டியில் கல்லும் கறுப்பு மணலும்தான் இருந்தன.

கல்லை நோக்கி நீட்டியிருந்த அவள் விரலையே அவர் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"என்னங்க? பின்னாடி போயிட்டானா?"

"அவன் இல்லம்மா. மத்தியானமே செத்துட்டான்."

காட்டிய விரல் அப்படியே நின்றது. பிறகு கை மெதுவாக மடியில் இறங்கியது.

"எப்பலேர்ந்தும்மா தெரியல?"

"நீங்க மூடிய எடுத்தீங்கல்ல, அதுக்கு முன்னாடியே" என்றாள். "அவ்வளவு ஆசையா எடுத்தீங்க. அப்புறம் எப்படிங்க சொல்றது? நீங்க எந்தப் பக்கம் திரும்பிப் பேசுறீங்களோ, அந்தப் பக்கம் கையக் காட்டிடுவேன்."

டாக்டர் சொன்ன அன்றுகூட அழாதவள் அப்போது அழுதாள். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

அழுது ஓய்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி அவள் கேட்டாள்: "நல்லாத்தானே இருந்தான்? எப்படிங்க செத்தான்?"

"வியாதிம்மா" என்றார். "எல்லா மீனுக்கும் வர்றதுதான்."

அவள் நம்பிவிட்டாள். அவர் முகத்தைப் பார்க்க முடிந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.