முப்பது வினாடியில் ஒரு பெயர்: செலேட்டர் விமானத் தளத்துக்கு ஒரு சனிக்கிழமைப் பயணம்

செலேட்டரின் பழைய விமானத் தளப் பகுதியைப் பார்க்கப் போவதாக வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். அங்கே உதிரிப்பாகக் கிடங்கில் பல ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்தவன் நான். அதனால் ஏதாவது உபயோகமாகச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன், முடியாமலும் போகலாம். தொண்ணூறு வயது கடந்தவனின் ஞாபகம் இது. 1955இல் ஒரு சனிக்கிழமை அங்கே போய்வந்தேன். அன்று மாலையே குறிப்பேட்டில் ஐந்து குறிப்புகள் எழுதிவைத்தேன். அவற்றை ஒரு எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்.

1. சிராங்கூன் சாலையிலிருந்து செலேட்டருக்கு வழி, நேரம், கட்டணம்.
2. தளத்தில் உள்ள விமானங்கள். மலாயாப் போரில் அவற்றின் வேலை.
3. ஒலிப்பதிவு நடந்த விதம்.
4. பெயரைச் சொல்வதால் யாருடைய ஆயுளும் குறைவதில்லை.
5. அடுத்த முறை போனால் கவனிக்க வேண்டியவை.

வேலைக்கு நான் தினமும் தளத்தின் லாரியில்தான் போவேன். அன்று பேருந்தில் போனதற்குக் காரணம் பாக்கியம். பஃபலோ சாலையில் நான் குடியிருந்த மாடி அறைக்குக் கீழே மாவு மில். அங்கே மிளகாயும் மல்லியும் அரைக்கும் வேலையில் இருந்தார். ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்திலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவர். அவருடைய கணவர் பால்மரம் வெட்டியவர், மரத்தைக் கீறி ரப்பர்ப் பால் எடுப்பவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன், பிரிட்டிஷ் அரசை எதிர்த்துப் போரிட்ட கம்யூனிஸ்டுகளோடு காட்டுக்குள் போய்விட்டார். தானாகப் போனாரா, இழுத்துப் போனார்களா என்பது பாக்கியத்துக்கே தெரியாது. ராணுவத்தின் கண்ணில் பட்டால் சுட்டுவிடுவார்கள், தானே வெளியே வந்து சரணடைந்தால் பிழைத்துக்கொள்வார் என்பது மட்டும் தெரியும்.

"கிராணி அண்ணே, ப்ளேன்ல ஸ்பீக்கர் கட்டிக் காட்டுக்கு மேல பேர் சொல்லிக் கூப்புடுறாங்களாமே. எங்க வீட்டுக்காரரையும் கூப்புடச் சொல்றீங்களா?" என்று ஒருநாள் கேட்டார்.

"நான் ஸ்டோர் கிராணிம்மா. போல்ட்டு நட்டு எண்ணுறவன்."

"எண்ணுறவங்க ஒரு வார்த்தை கேக்கக்கூடாதுன்னு சட்டமா?"

மூன்று நாள் தயங்கி, நான்காம் நாள் என் மேலதிகாரியிடம் கேட்டேன். உடனே சரி என்றுவிட்டார்கள். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை 7.10க்குச் சிராங்கூன் சாலையில் ஏறினோம். ஆளுக்குப் பதினைந்து காசு. நடுவில் இறங்கி வேறு பேருந்து மாற வேண்டும். அதற்கு ஆளுக்கு இருபது காசு. மொத்தம் ஒன்பது மைல் இருக்கலாம், அளந்ததில்லை. இரண்டாவது பேருந்தின் ஓட்டுநர் மலாய்க்காரர். "கேம்ப்புக்கா? வேலை கேட்டா?" என்றார். பாக்கியம் அவருக்கு மலாயிலேயே "இல்லை, வீட்டுக்காரரைக் கூப்பிட" என்று பதில் சொன்னார். ஜாலான் காயு முனையில் 8.25க்கு இறங்கினோம். அங்கிருந்து வாயில்வரை நடை.

இரண்டாவது குறிப்பில்தான் எனக்கு எப்போதும் குழப்பம். உதிரிப்பாகங்களின் எண்கள் எனக்கு மனப்பாடம். ஆனால் அவை பூட்டப்பட்ட விமானம் எங்கே போயிற்று, என்ன செய்தது என்பது தெரியாது. நீரில் இறங்கும் சண்டர்லேண்ட் பறக்கும் படகுகள் தளத்தின் ஓரத்தில் நின்றன. பெரும்பாலும் மரத்தால் செய்த மொஸ்கிட்டோ காட்டின் மேல் பறந்து படம் எடுத்தது. குண்டு போடுபவை வேறு தளங்களிலிருந்து கிளம்பின. டகோட்டாக்கள் காட்டுக்குள் இருந்த படையினருக்கு உணவு போட்டன, துண்டறிக்கை போட்டன; சிலவற்றின் வயிற்றுக்கு அடியில் ஒலிபெருக்கிகள் இருந்தன. உணவு போடுவதும் குண்டு போடுவதும் ஒரே விமானப்படைதானா என்று பாக்கியம் கேட்டார். ஆம் என்றேன். எந்த நாட்டு விமானப்படை என்றார். விமானங்கள் பிரிட்டனுடையவை, சிலவற்றை ஓட்டியவர்கள் ஆஸ்திரேலியர்கள், காடு மலாயாவினுடையது. மலாயா விடுதலை பெற்று அடுத்த ஆண்டு சொந்த விமானப்படை தொடங்கியபோது, கையில் இருந்த முதல் விமானம் ஒரே ஒரு ட்வின் பயனியர். போர் முடிய அப்போதும் இரண்டு ஆண்டு பாக்கி. அது உள்நாட்டுப் போர்தானா என்றால் அதுவும் எனக்குத் தெளிவில்லை. எங்கள் காகிதங்களில் "அவசரகாலம்" என்றுதான் எழுதினோம்.

ஒலிப்பதிவு அறை சின்னது. சுவரெல்லாம் கம்பளி தொங்கியது. வழுக்கைத் தலை சார்ஜன்ட் ஒருவர் கையில் நிறுத்தற்கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். விதிமுறையைச் சொன்னார்: விமானம் ஓர் இடத்தைக் கடக்கும் நேரத்துக்குள் செய்தி முடிய வேண்டும், முப்பது வினாடிக்கு மேல் கூடாது. முதலில் பெயர், பிறகு ஊர், பிறகு செய்தி. நான் மொழிபெயர்த்தேன். பாக்கியம் ஒலிவாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரைச் சொல்லுங்கம்மா."

"நான் சொல்லக்கூடாதுண்ணே."

"மெஷின்கிட்டதானே சொல்றீங்க."

"மெஷின் அவருகிட்ட போய்ச் சொல்லுமில்ல. பொண்டாட்டி பேர் சொன்னா புருஷனுக்கு ஆயுசு குறையும்."

என்ன விஷயம் என்று சார்ஜன்ட் கேட்டார். விளக்கினேன். "என் மனைவி என் பெயரை நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறாள். நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று சொல்" என்றார். சொன்னேன்.

"அதான் தலையில முடி தங்கல போல," என்றார் பாக்கியம். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

"பேர் இல்லாமலே கூப்புடுறேன். என் குரல் தெரியாதா அவருக்கு?" என்று கேட்டார். காட்டில் எத்தனையோ கணவர்கள் இருக்கிறார்கள், பெயர் இல்லாமல் பயனில்லை என்றார் சார்ஜன்ட். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நான் வாழ்க்கையில் அதிகம் யோசனை சொன்னவன் இல்லை, அன்று சொன்னேன். பெயரை நான் சொல்கிறேன், மற்றதை நீங்கள் பேசுங்கள் என்றேன்.

"நீங்க சொன்னாலும், சொல்ல விட்டது நான்தானே?"

"பேர் சொல்லி ஆயுசு குறையும்னு எங்கேயும் கிடையாதும்மா. அது வெறும் பேச்சு."

அவர் சற்று நேரம் முந்தானையை விரலில் சுற்றினார். "படிச்சவங்க சொல்றீங்க," என்றார்.

நான் அவருடைய கணவரின் பெயரை மூன்று முறை, நிதானமாக, அழுத்தம் திருத்தமாகச் சொன்னேன். தோட்டத்தின் பெயரையும் சொன்னேன். பிறகு பாக்கியம், பக்கத்து அறையில் இருப்பவரிடம் பேசுவதுபோல, "ஏங்க, நான்தான். உங்க சைக்கிளை நான் விக்கல. எண்ணெய் போட்டு வச்சிருக்கேன். வந்துருங்க," என்றார். இருபத்தெட்டு வினாடி. சார்ஜன்ட் கட்டைவிரலை உயர்த்தினார்.

அடுத்த வாரம் விமானம் பறந்ததாகச் சொன்னார்கள். ஏழு வாரம் கழித்து பாக்கியத்தின் கணவர் ஜொகூரில் ஒரு காவல் நிலையத்தில் வந்து சரணடைந்தார். இடது தொடையில் துப்பாக்கிக் குண்டு. விசாரணையெல்லாம் முடிந்து பஃபலோ சாலைக்கு வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க குரல் நல்லாக் கேட்டுச்சு கிராணி," என்றார். நொண்டியபடியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அதன் பிறகு பல ஆண்டுகள், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், இந்தக் கதையை நான் சொல்லிவந்தேன். சொல்லிக்கொள்ள என்னிடம் வேறு கதை இல்லை.

ஐந்தாவது குறிப்பை இங்கேயே முடித்துவிடுகிறேன். பிறகு எழுத மனம் வராது. சிராங்கூன் சாலைப் பகுதியை இப்போது லிட்டில் இந்தியா என்கிறார்கள்; அங்கிருந்து செலேட்டர் போக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து எண்களை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குள் போனால் வெயில் தெரியாது. ஜாலான் காயுவில் பரோட்டா சாப்பிடலாம். அதிகாரிகள் குடியிருந்த கறுப்பு வெள்ளை வீடுகள் இன்னும் நிற்கின்றன. விமான நிலையம் இன்றும் இயங்குகிறது, ஆகவே வேலியோரம் படம் எடுக்குமுன் அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். ஒலிப்பதிவு அறையைத் தேடாதீர்கள். போன ஆண்டு நானும் தேடினேன். எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

இனி நான்காவது குறிப்பு. 1967இல் பாக்கியத்தின் குடும்பத்துக்குத் தோ பாயோவில் வீடு கிடைத்தது. சிராங்கூன் சாலையிலிருந்து பேருந்தில் அரை மணி நேரம், ஏழாவது மாடி. புதுவீட்டு விருந்தில் வழக்கம்போல நான் கதையைச் சொன்னேன். வழுக்கைத் தலை நகைச்சுவையைச் சொன்னேன். ஆயுள் குறைந்தவர் இதோ சோடா வாங்கப் போயிருக்கிறார் என்றும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் கை கழுவப் போனபோது பாக்கியம் பின்னால் வந்தார்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ப்ளேன் வந்த வாரம் அரிசி வாங்க எஸ்டேட் ஓரத்துக்கு வர்றது அவரு முறை. அப்படியே ஓடி வந்துர்றதா இருந்தாராம். மேலேர்ந்து பேர் கேட்டதும், ஓடிருவாருன்னு துப்பாக்கியப் புடுங்கிட்டாங்க. முறையும் போச்சு. ஏழு வாரம் கூடவே காவலு. கடைசியில மழையில ஓடுனப்பதான் அவங்க சுட்டது."

"ராணுவம் சுட்டதுன்னுல்ல நெனச்சேன்."

"இல்லண்ணே. கூட இருந்தவங்க."

"ஏன் இத்தனை வருஷம் சொல்லல?"

"அவருதான் வேணாம்னாரு. நல்லதுக்குத்தானே செஞ்சாங்க, மனசு நோகும்னாரு."

பெயர் இல்லாமல் கூப்பிட்டிருந்தால் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று கேட்டேன்.

"என் குரல்ணே," என்றார். "மத்தவங்க யாரோ யாரு பொண்டாட்டியோன்னு இருந்திருப்பாங்க. அவருக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும்."

அதற்குள் அவர் சோடா பாட்டில்களோடு படியேறி வந்துவிட்டார், இடது காலை இழுத்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி. "கிராணிக்கு முதல்ல குடு லா," என்றார்.

குறிப்பேட்டில் நான் எதையும் அடித்து எழுதுவதில்லை. ஆகவே நான்காவது குறிப்பு அப்படியே இருக்கிறது. அது தவறு. இந்தக் கட்டுரையில் அவருடைய பெயரை நான் எங்கும் எழுதாததற்கும் அதுதான் காரணம்.