ஹசிந்தாவின் ஊறுகாய் வாளி

பழைய வாளி எதுவானாலும் ஹசிந்தா முதலில் அதற்குள் மூக்கை விடுவாள். அப்புறம்தான் பேச்சு. பேக்கரியில் ஜாம் வந்த வாளி, சந்தையில் மிளகாய் ஊறுகாய் வந்த வாளி என்றால் செடி வைக்க வீட்டுக்கு வரும். பெயின்ட் வாளியை யாராவது ஓசியில் கொடுத்தால்கூட வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். "நான் வளக்கறது வயித்துக்கு, சுவத்துக்கு இல்ல" என்பாள். ஓட்டையையும் அடியில் போடமாட்டாள். பழுக்கக் காய்ச்சிய ஆணியால் பக்கவாட்டில், அடியிலிருந்து இரண்டு விரல் மேலே போடுவாள். மெக்சிகோ நகரத்தின் அந்த மேட்டுத் தெருவில் குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம். ஊற்றுகிறதில் கொஞ்சமாவது அடியில் தங்க வேண்டாமா?

வாசலில் வரிசையாக நின்ற வாளிகளில் அவள் உயிரையே வைத்திருந்தது, ஊறுகாய் வாளியில் நின்ற மன்சானோ மிளகாய்ச் செடிமேல்தான். குளிர்காலத்தில் தன் போர்வையைப் போர்த்திக் காப்பாற்றிய செடி. இந்த வருஷம்தான் முதல்முறையாகக் காய்த்து, குண்டு குண்டாக மஞ்சள் பிடித்திருந்தது. சோள ரொட்டிக்குள் சீஸ் வைத்து கெசடியா சுட்டு விற்கிற அவளுக்கு, தன் செடி மிளகாயில் சட்னி அரைத்து வைக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

அந்த ஆசையில் மண்ணைப் போட்டவன் பக்கத்து வீட்டு ருத்திலியோ. அந்தத் தெருவில் வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்றால் சிமென்ட் கொட்டிய வாளியை ரோட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். அதை நகர்த்தினவனைத் தெருவே கூடி வையும். ருத்திலியோவின் சிமென்ட் வாளி உடைந்துபோயிருந்தது. கேட்க வேண்டும் என்ற எண்ணம்கூட இல்லாமல் மிளகாய் வாளியை நடுரோட்டுக்கு இழுத்து வைத்துவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டான். அன்றைக்கென்று பார்த்து, இடம் பிடிக்கும் சாமான்களை அள்ளுகிற அரசாங்க லாரி வந்தது. உடைந்த நாற்காலி, பழப்பெட்டி எல்லாவற்றோடும் மிளகாயும் போனது.

"அதுதான் நல்லா கனமா இருந்துச்சு, டோன்யா" என்றான், சாயங்காலம் வந்து தலையைச் சொறிந்துகொண்டே. செடியோடு இருக்கிற வாளியைத் தூக்கிப்போக அவனுக்குக் கண் அவிந்தா போயிற்று? ஹசிந்தா அவனைப் பிடிபிடியென்று பிடித்தாள். மறுநாள் காலையில் அவனையே வேன் ஓட்டவைத்து, லாரியை அனுப்பிய அலுவலகத்துக்குப் போனாள்.

ஜன்னலுக்குப் பின்னால் ஒருவன் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. வாய் நிறைய வைத்துக்கொண்டே, பிடித்ததையெல்லாம் நசுக்கியாயிற்று, ரோட்டை ஆக்கிரமிப்பது சட்டப்படி குற்றம் என்றான்.

"மிளகாச் செடி என்ன தம்பி, காரா நிறுத்தப் போகுது?"

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரொட்டியில் அடுத்த கடி கடித்தான்.

கொதித்துப்போய் வெளியே வந்தாள். அலுவலக வாசலுக்கு நேர் எதிரே, ரோட்டில், ஒரு வாளி இடம் பிடித்துக்கொண்டு நின்றது. விளிம்புவரை சிமென்ட். அடியிலிருந்து இரண்டு விரல் மேலே இருந்த ஓட்டை வழியாகச் சிமென்ட் வழிந்து இறுகியிருந்தது. ஊரிலேயே அந்த இடத்தில் ஓட்டை போடுகிறவள் அவள் ஒருத்திதான். வாளிமேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

சற்று நேரத்தில் ஒரு பெரிய கார் வந்து ஹாரன் அடித்தது. காவலாளி ஓடிவந்தான்.

"எழுந்திருங்க சென்யோரா, இது டைரக்டரோட இடம்."

"வாளி வச்சவங்களுக்குத்தான இடம்? வாளி என்னுது. இதுல இருந்த செடி எங்க?"

அவனும் அப்படிப்பட்ட தெருவில் வளர்ந்தவன்தான். கார் அலறிக்கொண்டே இருந்தது. கடைசியில் கொல்லைப்பக்கம் போய்ச் செடியைக் கொண்டுவந்தான். தூக்கியெறிய மனசு வரவில்லை என்று முணுமுணுத்தான். அது ஓட்டையே இல்லாத வேறொரு வாளியில், தேங்கிய தண்ணீரில் துவண்டு கிடந்தது. ஹசிந்தா குனிந்து மூக்கை விட்டாள். பெயின்ட்.

செடியில் ஒரு காய்கூட இல்லை. காம்புகள் மட்டும் பச்சையாக நின்றன.

ஜன்னலுக்குப் பின்னால் மூக்கு ஒழுக ரொட்டி தின்றவன் ஞாபகம் அப்போதுதான் வந்தது. அவள் எழுந்து, செடியை ருத்திலியோவின் கையில் கொடுத்தாள்.

"இத வேன்ல வச்சிட்டு, வண்டிய இந்த இடத்துல நிறுத்துடா. எனக்கு உள்ள கொஞ்சம் வேலை இருக்கு."