அம்மாவின் தோல்பையில் எண்ணெய்க்கறை

2009 மே 24, ஞாயிறு. காலையில் கிணற்றடியைத் தேய்த்துக் கழுவி, கோழிகளுக்குத் தவிடு வைத்தேன். நாளை மகள் வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைப் பள்ளிக்கூடமொன்றில் ஆசிரியையாகச் சேர்கிறாள். மருத்துவிச்சியாக இருந்த என் அம்மாவின் தோல்பையைத்தான் கொண்டுபோவேன் என்கிறாள். அம்மாவைச் சுனாமி கொண்டுபோனது. பை தங்கை வீட்டில் இருந்ததால் மிஞ்சியது. இன்று அதில் தலைக்கு வைக்கும் எண்ணெய் கொட்டிவிட்டது.

"சவுக்காரம் போட்டுக் கழுவட்டா, அப்பா?" மகளுக்கு அழுகை வந்துவிட்டது.

"வேணாம் மகள், தோல் வெடிச்சிரும். அரிசிமா கொண்டா."

எண்ணெய் ஊறிய தோலின் மணம் என்னைச் சிறுவயதுக்கு இழுத்தது. படுவான்கரையில் பிரசவம் பார்த்துவிட்டு அம்மா தோணியில் திரும்புவார். மருத்துவிச்சியை வெறுங்கையோடு அனுப்பாத வீட்டார் பொரித்த மீனை வாழையிலையில் சுற்றிப் பைக்குள் திணித்திருப்பார்கள்.

"பிறந்தது பிள்ளையோ, மீனோ?" என்பார் அப்பா.

"பகிடி விடாம மாவைத் தூவுங்க."

அப்பா தூவுவார். மா எண்ணெயை உறிஞ்சுமுன் அடுத்த அழைப்பு வந்துவிடும். அம்மா பையைத் தட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். இதைச் சொன்னபோது மகள் சிரித்தாள்.

மே 25, திங்கள். விடிந்ததும் முதல் வேலையாக, நேற்றுத் தூவிவைத்த மாவை உலர்ந்த துணியால் துடைத்தேன். மங்கலாக ஒரு வட்டம் மிஞ்சியிருந்தது.

"கிடக்கட்டும் அப்பா. அப்பம்மாவும் கறையோடதானே அங்க போய் வந்தவ," என்று மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.