தண்ணீரில் செத்த கடல் நத்தைகள்

எண்பதுகளின் நடுவில் செஞ்சியில் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருந்தேன். உலகத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது எங்கள் தலைமை ஆசிரியரின் நினைப்பு. அந்த வருடம் அறிவியல் கண்காட்சிக்குக் கல்வி அதிகாரி வருகிறார் என்றதும், செஞ்சிக்கே கடலைக் கொண்டுவந்து காட்டப்போவதாக அறிவித்தார்.

கொண்டுவரும் வேலை என் தலையில். பாண்டிச்சேரி கடலோரக் கருங்கற்களில் ஒட்டியிருந்த நத்தைகளைப் பெயர்த்து, டப்பாவில் போட்டு பஸ்ஸில் எடுத்துவந்தேன். ஒவ்வொன்றும் மொச்சைக்கொட்டை அளவு. பெயர்தான் கடல் நத்தை. குடித்தனமெல்லாம் அலை தெறிக்கும் உயரத்தில், பாறை மேல். ஈரமிருந்தால் அரம் போன்ற நாக்கால் பாசியைச் சுரண்டித் தின்னும். வெயில் ஏறினால் கொஞ்சம் ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டு ஓட்டின் வாயைச் சாத்திக்கொள்ளும். நாள்கணக்கில் அப்படியே கிடக்கும்.

தலைமை ஆசிரியர் கண்ணாடித் தொட்டியில் விளிம்புவரை கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, சமையல் உப்பை அள்ளிக் கொட்டினார். அவ்வளவுதான், கடல் தயார். உள்ளே விட்ட நத்தைகளில் சில கண்ணாடியில் ஏறி வெளியே வரப் பார்த்தன. விரலால் சுண்டி உள்ளே தள்ளினார்.

"அதுங்க தண்ணிக்கு மேலதான் சார் இருக்கும். கல்ல வெச்சு, தண்ணியக் கொறைக்கணும்" என்றேன்.

"கடல் நத்தைன்னு பேரு வெச்சிக்கினு தண்ணி வேணான்னா இன்னா டீச்சர் அர்த்தம்?"

அவர் சிரித்தால் சிரிப்பதற்கென்றே இருந்த இரண்டு ஆசிரியர்கள் சிரித்தார்கள். தொட்டியைப் பலகையால் மூடி, மேலே செங்கல்லும் வைத்தார். டப்பாவில் மிச்சமிருந்த நத்தைகளை நான் அவரிடம் கொடுக்கவில்லை.

கண்காட்சியன்று தொட்டி வைத்திருந்த அறைக்குள் நுழைய முடியவில்லை. தொட்டியிலிருந்த அத்தனையும் செத்து, ஓட்டுக்கு வெளியே சதை தொங்கிக்கொண்டிருந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இது என்ன நாற்றம் என்று அதிகாரி கேட்டார்.

"கடல் வாசனைங்க ஐயா. பாருங்க, எல்லாம் தலைய நீட்டிப் பாக்குது" என்றார் தலைமை ஆசிரியர்.

அதிகாரி கைக்குட்டையை எடுத்துவிட்டு நன்றாக மூச்சிழுத்தார். அசல் கடற்கரையேதான் என்று பாராட்டிவிட்டுப் போனார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. இவர்களிடம் போய்க் கோபப்படுவதா?

ஞாயிற்றுக்கிழமை டப்பாவோடு மறுபடியும் பாண்டிச்சேரிக்குப் போனேன். கல்லில் வைத்து அலை தெறித்ததும், காய்ந்து கிடந்த நத்தைகள் ஒவ்வொன்றாக வாய் திறந்து நகர்ந்தன. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் தலைமை ஆசிரியர் நட்சத்திர மீன் வேண்டுமென்றார். நீங்களே போய்ப் பிடித்துவாருங்கள் என்று சொல்லிவிட்டேன். தனக்கு பஸ்ஸில் போனால் வாந்தி வரும் என்றார்.