காலால் பிறந்தவள்

இடுப்புக்குப் பின்னால் திடீரென்று பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் போவதை எங்கள் ஊரில் நாரிப்பிடிப்பு என்பார்கள். அது வந்தால் எங்கள் தீவின் மடத்துவெளிச் சனம் முதலில் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியாரிடம் போகாது, என்னிடம்தான் வரும். நான் காலால் பிறந்தவள். தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வெளியே வந்து பிறந்த பிள்ளை மிதித்தால் பிடிப்பு விட்டுப்போகும் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அப்படிப் பிறந்தது அயலில் நான் ஒருத்திதான். ஆகவே பள்ளிக்கூடத்தில் சேர முன்பே எனக்கு ஒரு தொழில் அமைந்துவிட்டது.

வைத்தியத்துக்கு முறை இருந்தது. காலையில் வெறும் வயிற்றோடு வரவேண்டும். வாசற்படிக்கு நேரே விரித்த பாயில் குப்புறப் படுக்க வேண்டும். நான் வலக்காலால் மூன்று தரம் மிதிப்பேன். எழும்பியவர் நன்றி சொல்லக்கூடாது. விடைபெறும்போது "போட்டு வாறன்" என்றும் சொல்லக்கூடாது, வருகிறேன் என்று சொன்னால் நோவும் திரும்பி வந்துவிடும். வாய் திறக்காமல், திரும்பிப் பார்க்காமல், வேலிப் படலையைத் தாண்டிப் போய்விட வேண்டும். பெரிய மீசைக்காரர்கள்கூட என் காலுக்குக் கீழே முனகிவிட்டு, வீட்டாரோடு கோபித்துக்கொண்டவர்களைப் போல விறுவிறென்று போவார்கள். இரண்டு மூன்று நாளில் நிமிர்ந்து நடப்பார்கள். பிறகு அவர்கள் வீட்டிலிருந்து ஒரு சீப்புக் கப்பல் வாழைப்பழம் வரும். பிடிப்பு இரண்டு மூன்று நாளில் தானாகவே விடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டேன். என் இரண்டு அக்காமாரும் தலையால் பிறந்த சாதாரணப் பிறவிகள். பழத்தை மட்டும் என்னோடு பங்கு போடுவார்கள்.

எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு நாரி நொந்துகொண்டிருந்தது. அது அப்பாவின் தமக்கையுடையது. எங்களுக்கு மாமி. கலியாணம் செய்யாமல் எங்களோடு இருந்தவர். எங்கள் வளவுக் கிணறு உவர் என்பதால் நல்ல தண்ணீருக்குத் தோட்ட வெளியைக் கடந்து போகவேண்டும். எனக்கு நாலு வயதாக இருக்கையில், அங்கே நிறைகுடத்தைத் தூக்கியபோது மாமியின் நாரியில் ஏதோ பிசகியது. அன்றைக்கு வந்த நோ நாரியில் தொடங்கி வலக்காலின் பெருவிரல் வரை இறங்கி, அங்கேயே குடியிருந்தது. மற்றவர்களுக்கு நோ விருந்தாளி, மாமிக்கு அது வீட்டுக்காரன்.

மாமியால் கதிரையில் இருக்க ஏலாது. குசினி வாசல் நிலையில் சாய்ந்தபடி நின்றுதான் சாப்பிடுவார். கோயிலில் பூசை முடியும்வரை நின்றுகொண்டே இருப்பார். அதைப் பார்த்துவிட்டு, இந்தக் காலத்தில் இப்படியொரு பக்தியா என்று சனம் வியந்தது. மாமி மறுக்கவில்லை. நோகிறது என்று சொல்வதைவிடப் பக்தி என்று விடுவது சுலபம்.

அவர் பார்க்காத வைத்தியம் இல்லை. பரியாரியாரின் எண்ணெயால் எங்கள் தலையணைகள்கூட நாறின. உப்பு வறுத்து ஒத்தணம், நொச்சி இலையில் வேது, சுவிசில் இருந்த சித்தப்பா அனுப்பிய, மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிகிற ஒரு பூசுமருந்து, எல்லாம் நடந்தன. நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்துப் போனார். போகும்போது இருந்த நோவைவிட, வள்ளத்தின் உலுப்பலில் திரும்பி வரும்போது இருந்த நோ அதிகம். யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றும் இல்லை என்றாராம்.

"அப்ப நோகிறது ஆருக்கு, டொக்டர்?" என்று மாமி கேட்டாராம்.

அவர் சிரித்துவிட்டு ஒரு வெள்ளைக் குளிசை எழுதிக் கொடுத்தார். அந்தக் குளிசைக்குத்தான் நோ கொஞ்சம் கேட்டது.

இவ்வளவும் செய்த மாமி என் காலை மட்டும் கேட்கவில்லை. ஊர் முழுக்க என் காலடியில் வந்து விழுந்தது, சொந்த மாமி விழவில்லை. எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. நானாகவே போய்க் கேட்டும் பார்த்தேன்.

"மாமி, ஒருக்கா மிதிச்சு விடட்டோ?"

"என்ரை நாரிக்கு உம்முடைய சின்னக் கால் காணாது, டொக்டர் அம்மா. போய்ப் பாடத்தைப் படியும்."

செல்லமாகக் கதைக்கும்போது மாமி எனக்கு 'நீர்' போடுவார். அன்று அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மறுபடி தொடங்கியதும் தீவுக்கு மண்ணெண்ணெய் வரவில்லை, சவர்க்காரம் வரவில்லை, அந்தக் குளிசையும் வரவில்லை. மாமி இருந்ததைப் பாதியாக்கினார், பிறகு பாதியைப் பாதியாக்கினார். அப்பா சைக்கிளில் அலைந்து வெறுங்கையோடு வந்தார். குளிசை முடிந்த பிறகு மாமி பகிடி விடுவதை நிறுத்திவிட்டார். அம்மா சோற்றைக் குழைத்து நின்ற இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுப்பார். மாமி இரண்டு வாய் வாங்கிவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார்.

ஒரு காலை நான் பல் துலக்கிவிட்டு வந்தபோது வாசற்படிக்கு நேரே பாய் விரித்திருந்தது. யாரோ நோயாளி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மாமி நிலையைப் பிடித்து, முழங்காலை ஊன்றி, மெல்ல மெல்லக் குப்புறப் படுத்தார்.

"இன்னும் தேத்தண்ணி குடிக்கேல்லைப் பிள்ளை," என்றார் பாய்க்குள் முகத்தை வைத்தபடி. "ஏறும்."

நான் மூன்று தரம் மிதித்தேன். மாமிக்காக இன்னும் கொஞ்சம் அழுத்தியே மிதித்தேன். அவர் முனகவில்லை. குசினியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா சட்டென்று உள்ளே போய்விட்டார். மாமி எழும்ப வெகுநேரம் ஆயிற்று. எழும்பியவர் என்னைப் பார்க்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. முற்றத்தைக் கடந்து படலையைத் திறந்து வெளியே போனார். இருப்பதே இந்த வீட்டில்தான், வேறெங்கே போவது? ஒழுங்கையில் வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"எப்பிடி மாமி?"

"பரவாயில்லைப் பிள்ளை."

அன்று மத்தியானமும் நின்றுகொண்டுதான் சாப்பிட்டார். போனவர் அதே வீட்டுக்குத் திரும்பி வந்தபடியால் நோவும் கூடவே வந்துவிட்டது, வைத்தியத்தில் பிழையில்லை என்று நான் முடிவு கட்டினேன்.

மாமி காலமாகிச் சில வருடங்களுக்குப் பிறகு, வேறொரு நாட்டில் நான் முதற்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தேன். காலால் பிறப்பது பரம்பரையாக வருமோ என்ற பயத்தில் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மா சிரித்துவிட்டார்.

"ஐயோ பிள்ளை, அதை நீ இன்னும் நம்பிக்கொண்டோ இருக்கிறாய்? நீ தலையாலைதான் பிறந்தனீ. மூண்டாவதும் பெட்டை எண்டு கொப்பர் முகத்தை நீட்டிக்கொண்டு முத்தத்திலை நிண்டவர். மாமிதான் அறைக்குள்ளையிருந்து ஓடிப்போய், 'காலாலை பிறந்த பிள்ளையடா, வீட்டுக்கு அதிட்டம்' எண்டு சொன்னவ. மருத்துவிச்சியும் சிரிச்சுப்போட்டு விட்டிட்டா. பிறகு ஊர் பிடிச்சுக்கொண்டுது."

அது பொய் என்று அம்மாவுக்குத் தெரியும், மருத்துவிச்சிக்குத் தெரியும். இவர்கள் இருவரையும் தவிர உலகத்தில் அதை அறிந்திருந்த ஒரே ஆள், அதைக் கட்டிய மாமி. அவர்தான் அன்றைக்குத் தேநீர் குடிக்காமல் வந்து, தன் கையால் பாயை விரித்தார். அவர்தான் "போட்டு வாறன்" சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல், படலையைத் தாண்டினார். முறையில் ஒன்றைக்கூட விடவில்லை. தான் சொன்ன பொய்க்குக் கீழேயே போய்ப் படுக்க ஒருவருக்கு எவ்வளவு நோக வேண்டும் என்று இப்போது எனக்கு ஓரளவு கணக்குப் பிடிபடுகிறது. அன்று மாமி ஒழுங்கையில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, நான் வாசற்படியில் குந்தியிருந்து, யாரோ கொண்டுவந்த கப்பல் வாழைப்பழம் ஒன்றை உரித்துத் தின்றுகொண்டு, கடைசியில் மாமியும் வழிக்கு வந்துவிட்டார் என்று சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தேன்.