புதன்கிழமை நான் சொல்லாமல் விட்டது

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தவக்காலத்தில், மைசூரில் எங்கள் தமிழ்ச் சபை மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடத்தியது. கடைசி மாலையில், கண்ணீரோடு எழுந்து நின்றவர்களைப் பார்த்துப் போதகர், "அழுதது போதும். நாளைக்கு எழுந்து என்ன செய்யப்போகிறீர்கள்? அதைச் சொல்லுங்கள்" என்றார். நின்றவர்களில் நானும் ஒருத்தி. என் பக்கத்தில் நின்ற தோழி, பணி ஓய்வு பெற்ற செவிலி, அவர்தாம் சொன்னார்: "பெரியாஸ்பத்திரிக்குப் போவோம் ஐயா. கொள்ளேகால் பக்கத்துத் தமிழ் ஜனங்க அங்க பாஷை தெரியாம முழிச்சிட்டு நிக்குது."

அவ்வாறே புதனும் வெள்ளியும் மாலை வேளைகளில் நாங்கள் இருவரும் மண்டி மொஹல்லாவின் நெரிசலைக் கடந்து மருத்துவமனைக்கு நடக்கலானோம். அனூரிலிருந்தும் மாதேஸ்வரன் மலையடிவாரத்திலிருந்தும் வந்து படுத்திருந்தவர்களுக்குச் சந்தைக் கன்னடம் தெரியும். மருத்துவர் பேசும் கன்னடம் பிடிபடாது. மருத்துவர் சொல்வதைத் தமிழில் அவர்களுக்கும், அவர்கள் சொல்வதைக் கன்னடத்தில் மருத்துவருக்கும் சொல்வது எங்கள் பணி. விரும்பிக் கேட்பவர்களுக்காக ஜெபிப்பதும் உண்டு.

உண்மையில் நான் இரண்டாவதையே பெரிதாக எண்ணியிருந்தேன். திருச்சியில் முறையாகத் தமிழ் பயின்றவள். கணவரின் இரயில்வே வேலையால் மைசூருக்கு வந்து இருபது ஆண்டுகளாகியும் என் தமிழில் கலப்பு சேரவிடாதவள். சபையின் ஞாயிறு பள்ளியில் கற்பித்ததால் எல்லாருக்கும் நான் டீச்சர்; வார்டிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஜெபத்தையும் எழுவாய், பயனிலை பிறழாமல் மனத்துக்குள் கட்டிக்கொண்டே நடப்பேன்.

"டீச்சர் ஜெபம் பண்ணினா நோயாளி தூங்கிருதான்," என்பார் தோழி. "அதுவும் ஒரு மருந்துதான்னு நானும் விட்டுட்டேன்."

ஒரு புதன்கிழமை தோழி உறவினர் திருமணத்துக்குப் போயிருந்தார். நான் தனியே சென்றேன். ஆண்கள் வார்டில், சன்னலோரக் கட்டிலில் அனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் படுத்திருந்தார். சர்க்கரை நோயாளி. காலில் தைத்த முள்ளைப் பொருட்படுத்தாமல் விட்டதில் பாதம் கறுத்துப் போயிருந்தது. கட்டிலின் அருகில் தரையில் அவருடைய மனைவி. நாற்பது வயதிருக்கலாம், நெற்றி நிறையத் திருநீறு.

இளம் மருத்துவர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துத் தெளிவாகச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தாக வேண்டும். நச்சு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் தள்ளினால் உயிர் தங்காது. "அவரிகெ ஹேளிபிடி," என்றார். அவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்று பொருள். ஒப்புதல் தாளை ஆயத்தம் செய்யும்படி வார்டுச் செவிலியிடமும் சொன்னார்.

நான் கட்டிலருகே திரும்பினேன். அந்த அம்மாள் எழுந்து நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் டீச்சரம்மா, என்னங் சொல்றாரு டாக்டரு?"

அவருடைய முகத்தைப் பார்த்தபின் அந்த வாக்கியம் என் நாவில் எழவில்லை. மாறாக, மருத்துவர் தம்மால் இயன்ற அனைத்தையும் செய்வார் என்றேன். சிறிய அறுவை ஒன்று தேவைப்படலாம் என்றேன். இறைவன் கைவிடமாட்டார், எல்லாம் நலமாகும் என்றேன். பின்பு கண்களை மூடி நெடுநேரம் ஜெபித்தேன். அன்று அமைந்த ஜெபத்தில் ஒரு சொல்லிலும் குறையில்லை. இரக்கத்தால் அப்படிச் சொன்னதாகவே நம்பிக்கொண்டு வீடு திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை தோழியும் நானும் வார்டுக்குள் நுழைந்தபோது அந்த அம்மாள் சிரித்த முகத்தோடு எதிரே வந்தார்.

"வாங்க டீச்சரம்மா. நீங்க சொன்னதுக்கப்புறந்தானுங் எனக்குச் சோறே எறங்குச்சு. கால் நல்லாயிட்டா ரெண்டு பேரும் நடந்தே மலையேறி வர்றோம்னு மாதேஸ்வரனுக்கு வேண்டியிருக்கறனுங். நேத்து அந்த நர்சம்மா ஒரு தாளக் கொண்டாந்து கைநாட்டு வெய்யின்னாங்க. எதுக்குங்? நல்லாப் போயிரும்னு டீச்சரம்மா சொல்லீட்டாங்கன்னு தாளத் திருப்பிக் குடுத்துட்டனுங்."

தோழி கட்டிலருகே போய்ப் போர்வையை விலக்கிப் பார்த்தார். கருமை கணுக்காலைத் தாண்டியிருந்தது. அவர் என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"புதன்கிழமை டாக்டர் உங்கட்ட என்ன சொன்னாரு?"

சொன்னேன்.

"நீங்க அவகிட்ட என்ன சொன்னீங்க?"

அதையும் சொன்னேன்.

அவர், "முப்பது வருசம் வார்டுல நின்னவ நான். பயந்து போய் வாயடைச்சு நிக்கிறவங்களப் பாத்திருக்கேன். ஜெபத்துக்குப் பின்னால ஒளிஞ்சவங்கள இப்பதான் பாக்குதேன்" என்றார். "நான் போய்ச் சொல்லட்டுமா?"

அவர் சொல்லியிருந்தால் என்னைவிட நன்றாகவே சொல்லியிருப்பார். ஆனால் அந்த அம்மாள் நம்பிக்கொண்டிருந்தது என் சொல்லை. "வேண்டாம்," என்றேன்.

கட்டிலருகே தரையில், அந்த அம்மாளுக்கு எதிரே உட்கார்ந்தேன். கட்டிலில் இருந்தவரும் கேட்கும்படியே பேசினேன்.

"புதன்கிழமை டாக்டர் சொன்னதை நான் உங்ககிட்ட சொல்லலை. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கணும்னு சொன்னார். எடுக்கலேன்னா உயிர் போயிடும்னார். எனக்குச் சொல்லப் பயமா இருந்தது. மறைச்சுட்டேன். தப்பு என்னுது."

அவர் அழவில்லை. கணவரைப் பார்த்தார், கணவர் மேற்கூரையைப் பார்த்தபடி கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"முட்டிக்கு மேலயா, கீழயாங்?"

"கீழேதான்."

"அப்ப கட்டக்காலு வெச்சு நடக்கலாமுங்களா?"

நான் தோழியைத் திரும்பிப் பார்த்தேன். "நடக்கலாம்மா. பழக நாளாகும்," என்றார் அவர்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே கைநாட்டு வெச்சிருப்பனுங்," என்றார் அந்த அம்மாள். குரலில் சினம் இருந்தது, உரத்துப் பேசவில்லை. "ரெண்டு நாளு சும்மா சிரிச்சுட்டுக் கெடந்தனே."

கட்டிலிலிருந்து கணவரின் குரல் வந்தது: "வெய்யி புள்ள. கால வெச்சுட்டுப் பொணமாப் போறதுக்கு, காலில்லாம ஊடு போய்ச் சேர்றேன்."

தாள் வந்தது. அதிலிருந்த கன்னடத்தை இம்முறை ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒன்றையும் கூட்டாமலும் குறைக்காமலும் தமிழில் சொன்னேன். உயிருக்கு ஆபத்து நேரலாம் என்ற வரியையும் சொன்னேன். மை தோய்த்த விரலை அவர் அழுத்தமாகப் பதித்தார்.

"உங்கள் வேண்டுதல்..." என்று தொடங்கினேன்.

"மாதேஸ்வரன்கிட்ட நானே சொல்லிக்கறனுங். அதையும் நீங்க மாத்திச் சொல்லிப்போடுவீங்க."

தோழி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். கட்டிலில் இருந்தவரும் சிரித்தார் என்றே நினைக்கிறேன். நாங்கள் எழுந்தபோது அந்த அம்மாள் என் முந்தானையைத் தொட்டு நிறுத்தினார்.

"உங்க சாமிகிட்ட வேண்ணா நீங்க சொல்லுங்க. நீட்டாதீங்க. இவரு களைச்சுக் கெடக்கறாரு."

கண்களை மூடினேன். கட்டி வைத்திருந்த வாக்கியம் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. "ஆண்டவரே, இவரைப் பிழைக்க வையும். என்னை மன்னியும்" என்றேன். அவ்வளவே.

மறுநாள் காலை அறுவை நடந்தது. சிலகாலம் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது, பின்பு தணிந்தது. ஆனி முடிவதற்குள் அவர் மனைவியின் தோளைப் பற்றியபடி கொள்ளேகால் பேருந்தில் ஏறியதைத் தோழியும் நானும் நின்று பார்த்தோம். நடந்து மலையேறினார்களா என்பது எனக்குத் தெரியாது.

அதன்பின் ஒரு ஞாயிறு ஆராதனையில், மருத்துவமனைப் பணியைப் பற்றிச் சாட்சி சொல்லும்படி போதகர் என்னை அழைத்தார். புதன்கிழமை நடந்ததையும் வெள்ளிக்கிழமை நடந்ததையும் நடந்தபடி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். வழக்கமாக எழும் அல்லேலூயா அன்று எழவில்லை. தோழி என் பக்கம் சாய்ந்து, "புதன்கிழமை நாலு மணிக்கு. பிந்தாதீங்க" என்றார்.